பிள்ளை மனநல வார்டில் இருந்தால் பக்கத்தில் யார் உட்காருவது?

(மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சர்க்கரை நோய், ரத்தசோகை, கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றியெல்லாம் இங்கே ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்று தலைவி சொன்னார். நான் பேச வந்தது பிள்ளைகளுக்கு வரும் மனநோய் பற்றி. அதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்லப் போகிறேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் என்ன நடக்கும், அப்போது குழு என்ன செய்ய முடியும் என்பது அது.

"நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று தோன்றலாம். 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்தியது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று அதில் தெரிய வந்தது. ஐம்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பில் மூன்று, நான்கு பேர். வாழ்க்கையில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆக, இது நம் தெருவிலேயே இருக்கிறது. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எப்படித் தெரியும்? நன்றாகப் படித்த பெண் திடீரென்று ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்கிறது. பையன் ராத்திரி முழுக்க தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், குரல் கேட்கிறது என்கிறான். ஒரு பிள்ளை குழாயடியில் ஒரு மணி நேரம் கை கழுவுகிறது. பரீட்சை வரும்போதெல்லாம் ஒரு பெண்ணுக்கு 'சாமி' வருகிறது, மயங்கி விழுகிறாள். இன்னொன்று கையைக் கீறிக்கொண்டு முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறது. சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறது. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் இரண்டு வாரம் கூட காத்திருக்காதீங்க, அன்றைக்கே கூட்டிப் போங்க. வீட்டில் இருக்கிற மாத்திரைகளை எல்லாம் எடுத்துப் பூட்டி வையுங்க. பிள்ளையைத் தனியாக விடாதீங்க.

எங்கே போவது? நம் பகுதிக்குக் கிட்டத்தில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவு உண்டு. அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தரமணி வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் ஏழைகளை மனதில் வைத்துத் தொடங்கியது அது. சின்னக் குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பெரிய இடம் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, அயனாவரம் மேடவாக்கம் குளம் சாலையில் இருப்பது. பேச்சுத் துணை மட்டும் வேண்டுமென்றால் ராஜா அண்ணாமலைபுரத்தில் 'ஸ்நேகா' இருக்கிறது. 1986-லிருந்து தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு இலவசமாகப் பேசுகிறார்கள். நம்பர் 044-24640050. அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் தமிழில் பேசலாம். இந்த இரண்டு நம்பரையும் குழு நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

கீழ்ப்பாக்கம் என்று சொன்னதும் சிலர் முகம் மாறுகிறது. சினிமாவில் அந்தப் பெயரை வைத்து எத்தனை ஜோக் அடித்துவிட்டார்கள்! 1794-ல் தொடங்கி, 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் 1961-லிருந்து 1978 வரை அதற்குத் தலைமை தாங்கினார். பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். அந்தக் காலத்திலேயே ஒரு பெண், அத்தனை பெரிய ஆஸ்பத்திரியை நடத்தியிருக்கிறார். வீட்டில் பிள்ளை அடம்பிடித்தால் "கீழ்ப்பாக்கத்துல விட்டுருவேன்" என்று மிரட்டுகிறோமே, அதை இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நிஜமாகவே போக வேண்டி வந்தால் அந்தப் பிள்ளை எப்படி பயப்படும், யோசித்துப் பாருங்க.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, கவுன்சலிங், தேவைப்பட்டால் மாத்திரை, இதிலேயே சரியாகிவிடும். சேர்க்க வேண்டி வருவது கொஞ்சம் பேருக்குத்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எப்போது சேர்க்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நோய் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். சேர்ப்பது பிள்ளையின் நன்மைக்காக இருக்க வேண்டும், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். வீட்டிலிருந்தே வைத்தியம் பார்க்கிற வழியெல்லாம் பலிக்கவில்லை, அல்லது பொருந்தாது என்றால்தான் சேர்க்கலாம். அதுவும் ஒரு டாக்டர் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவது நீங்கள், அதாவது அப்பா அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர். நீங்கள் வேண்டாம் என்றால் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். ஆனால் கோபத்தில், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று அப்படிச் செய்யாதீங்க.

சேர்த்த 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி, மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். முப்பது நாளுக்கு மேல் இழுத்தால் வாரியம் மறுபடி பரிசீலிக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் போடக் கூடாது, பிள்ளைகளுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்.

இதில் நமக்கு முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. பிள்ளை வார்டில் இருக்கிற நாள் முழுக்க, அப்பாவோ அம்மாவோ, அல்லது அவர்கள் நியமிக்கிற ஒரு துணையாளோ கட்டாயம் கூடவே இருக்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்து அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால், துணைக்கு ஒரு பெண்தான் இருக்க வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா பதினைந்து நாள் லீவு போட்டால், திரும்பி வரும்போது இரண்டு வீட்டிலாவது வேறு ஆள் வைத்திருப்பார்கள். பாண்டி பஜார் ஜவுளிக் கடையில் நிற்கிறவருக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பா இருந்தாலும் அவரை நம்பி விட முடியாத நிலை. (இடையில் ஒன்று. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும்போதே பாதி வீட்டில் அப்பாவின் குடிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி 1980-லிருந்து அதற்காகவே இருக்கிறது.) அதனால் என்ன செய்கிறார்கள்? டாக்டர் "சேர்க்கணும்மா" என்றதும், "ரெண்டு நாள் கழிச்சு வர்றோம் சார்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இல்லையென்றால் சேர்த்த நாலாம் நாளே கெஞ்சி டிஸ்சார்ஜ் வாங்கிக் கூட்டிப் போகிறார்கள். மாத்திரை வேலை செய்யவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். நாலு நாளில் என்ன தெரியும்? "சேர்த்தும் குணமாகலே" என்ற பெயர்தான் மிச்சம்.

பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்கிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பதினாறு வயது மகளுக்கு உடம்பு சரியில்லை என்று குழுவில் கடன் கேட்டார். என்ன நோய் என்றதற்கு 'டைபாய்டு' என்றார். கடன் கிடைத்தது. ஆனால் பொய் சொல்லி வாங்கியதால், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல முடியவில்லை, பார்க்க வருகிறோம் என்றவர்களை வர விடவும் முடியவில்லை. பன்னிரண்டு நாள் வார்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். காசிமேட்டுக்குப் போய் மீன் எடுக்கவில்லை, வாடிக்கை எல்லாம் போச்சு. மகள் தேறிவிட்டாள். அம்மாதான் அதற்கப்புறம் ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை. குழுவில் பதினாறு பேர் இருந்தார்கள். பணத்தை விட, அதில் ஒருத்தி தினம் அரை நாள் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

சட்டத்தில் 'துணையாள்' என்று போட்டிருப்பதை இப்போது மறுபடி பாருங்க. ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அப்பா அம்மா நியமிக்கிறவர் இருக்கலாம். அது ஏன் குழு உறுப்பினராக இருக்கக் கூடாது?

குடும்பத்தார் கூட இருப்பது ஆஸ்பத்திரிக்குத் தொல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 1950-களில் பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் இருந்தார். இடம் போதவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு அவருடைய சொந்தக்காரர்களையும் தங்க வைத்தார். வைத்தியம் எப்படி நடக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், பயம் போனது, சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1957-ல் பாகாயத்தில் மனநலப் பிரிவு தொடங்கியபோதும் இதே முறைதான், நோயாளியோடு குடும்பத்தார் தங்க வேண்டும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அங்கே 'நம்பிக்கை நிலையம்' என்று ஒன்று இருக்கிறது. அங்கும் அம்மா அப்பாவுக்குத்தான் பயிற்சி. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, பேசப் பழக்குவது, அடம்பிடித்தால் கையாளுவது எல்லாம் அவர்களுக்கே சொல்லித் தருகிறார்கள். வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தை வாசலோடு நிறுத்திவைத்த காலத்தில் நம் ஊரில் பாயைப் போட்டுக்கொண்டு கூடவே படுத்திருந்தோம். இது நமக்குப் புதுசு இல்லை.

அதற்கு எதிர்ப் பக்கமும் நம் ஊரில்தான் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். குடும்பத்தார் கொண்டு போய் விட்டுவிட்டு, மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். கெட்ட எண்ணத்தில் விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டார்கள். இப்போதைய சட்டத்தில் யாரையும், எந்தக் காரணத்துக்கும், எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. ஏர்வாடிக்கோ குணசீலத்துக்கோ சோளிங்கருக்கோ போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கும்பிட்டுவிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் போகாதீங்க.

சரி, குழு என்ன செய்யலாம் என்று என் யோசனையைச் சொல்கிறேன். நீங்கள் கூடிப் பேசி முடிவெடுங்க.

ஒரு உறுப்பினரின் பிள்ளை மனநல வார்டில் சேர்ந்தால், முதல் இரண்டு மூன்று நாள் அம்மாவே இருக்கட்டும். பிள்ளைக்கும் அதுதான் தைரியம், டாக்டருக்கும் அம்மா சொல்கிற விவரம் வேண்டும். அப்புறம் இரவு அம்மா, பகலில் குழு. பதினைந்து பேர் குழுவில் அம்மாவை விட்டால் பதினாலு பேர். இரண்டு வாரம் என்றால் ஆளுக்கு ஒரே ஒரு பகல்தான் வரும். முன்கூட்டியே வார்டு சிஸ்டரிடமும் சமூகப் பணியாளரிடமும் அம்மா பேசி, இன்னின்னார் மாறி மாறி வருவார்கள் என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தினம் ஒரு புது முகம் என்றால் சில பிள்ளைகள் மிரளும். அதனால் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த நாலைந்து பேரே மாறி மாறிப் போவது நல்லது. மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவது, சோறு கட்டிக் கொடுப்பது, அம்மா வேலை செய்யும் வீட்டுக்கு மாற்று ஆளாகப் போய் வேலையைக் காப்பாற்றித் தருவது, இதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி.

போகிறவர் அங்கே என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம், இருந்தால் போதும். "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்காதீங்க. அறிவுரை வேண்டாம். தாயம் ஆடுங்க, பூக் கட்டுங்க, தலை வாரி விடுங்க. சாப்பிட்டதா, மாத்திரையை முழுங்கியதா, தூங்கியதா என்று கவனித்து சிஸ்டரிடம் சொல்லுங்க. கத்தி, பிளேடு, கூடுதல் மாத்திரை எதுவும் உங்கள் பையில் இருக்கக் கூடாது.

கடன் விஷயம். அவசர மருத்துவக் கடன் என்று உள்கடனில் எல்லாக் குழுவிலும் இருக்கிறது. மனநோயும் அதில் சேரும் என்று ஒரு தீர்மானம் போட்டு எழுதி வையுங்க. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் ஆட்டோ, சாப்பாடு, போன கூலி என்று கையை விட்டுப் போகும். அதற்கு வெளியே மீட்டர் வட்டிக்குப் போகாமல் குழுவிலேயே வாங்கட்டும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயரையோ நோயின் பெயரையோ எழுதாதீங்க. "மருத்துவமனைச் செலவு" என்று போட்டால் போதும். நோய் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ள உரிமைதான். ஸ்கூலுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுக்க வேண்டியதில்லை, லீவுக்கு டாக்டர் சான்றிதழ் போதும். துணைக்குப் போய்விட்டு வந்தவர் தண்ணி லாரி வரிசையில் நின்று அதைப் பற்றிப் பேசினால், அடுத்த அம்மாவும் 'டைபாய்டு' என்றுதான் சொல்வார்.

உரை முடிந்ததும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்:

"கரண்ட் ஷாக் வைப்பாங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சட்டப்படி அது கூடாது. மிகவும் அவசியம் என்று மனநல மருத்துவர் கருதினால், காப்பாளரின் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வாங்கிய பிறகுதான் செய்யலாம். மயக்க மருந்து இல்லாமல் யாருக்குமே செய்யக் கூடாது, பெரியவர்களுக்கும்தான்.

"தற்கொலைக்கு முயற்சி பண்ணின பிள்ளையைக் கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆகுமா?" ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்வார்கள், போலீஸ் வந்து விசாரிக்கலாம். பயந்துகொண்டு வீட்டில் வைத்து நேரத்தை வீணாக்காதீங்க. 2017 சட்டப்படி அப்படிச் செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலையில் புதுக் குற்றவியல் சட்டம் வந்தபோது பழைய 309-ஆம் பிரிவே போய்விட்டது.

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க." ஆகாது. பதினெட்டுக்கு முன் கல்யாணம் குற்றம். பதினெட்டுக்குப் பிறகும் அது வைத்தியம் இல்லை. மாமியாரை அடுத்த தடவை ஓ.பி.க்குக் கூட்டி வாங்க, டாக்டர் வாயால் கேட்கட்டும்.

"பதினெட்டு முடிஞ்சா என்ன ஆகும்?" நல்ல கேள்வி. வார்டில் இருக்கும்போதே பதினெட்டு முடிந்தால்கூட, அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சொந்தமாகச் சேர்ந்த நோயாளி என்றுதான் கணக்கு. நீங்கள் போட்ட கையெழுத்து அதோடு சரி, இருப்பதா போவதா என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். தனக்கு முடியாமல் போகும் நேரத்தில் யார் தன் சார்பில் பேச வேண்டும் என்பதையும் பிள்ளையே முடிவு செய்யலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத் தாளில் பெயரை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் செல்லும். அம்மா பெயரைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வார்டில் பகலெல்லாம் கூட உட்கார்ந்திருந்த அத்தை ஒருத்தியின் பெயரை எழுதினாலும் செல்லும்.